அசையாத போல்ட்டை உடைக்காமல் கழற்றுவது

திருவரங்குளம், ஆலங்குடி, வம்பன் பக்கத்தில் நம் வீடுகள் சிலவற்றின் கொட்டகையில் இன்னும் ஓர் அம்பாசிடர் கார் தார்ப்பாய்க்கு அடியில் நிற்கிறது. பாட்டனார் வாங்கியிருப்பார். அத்தா அதில்தான் கல்யாணத்துக்கும் மருத்துவமனைக்கும் ஆட்களை ஏற்றிப் போயிருப்பார். பிள்ளைகள் துபாய்க்கும் சிங்கப்பூருக்கும் போனபிறகு கார் நின்ற இடத்திலேயே நின்றுவிட்டது. விடுப்பில் ஊர் வந்த பிள்ளை ஒருநாள் தார்ப்பாயை விலக்கிப் பார்த்துவிட்டு, இதை ஓட வைக்கலாமே என்கிறார். சரிசெய்வதா, கிலோ கணக்கில் பழைய இரும்புக்குப் போடுவதா என்று வீட்டில் பேச்சு தொடங்குகிறது.

இதற்கு விடை பல நேரம் என்ஜினில் இருப்பதில்லை. அம்பாசிடரின் பழைய என்ஜின் எளிமையானது, பல ஆண்டு நின்றாலும் உயிர் பெறக்கூடியது. துருவேறி இறுகிய நட்டும் போல்ட்டும்தான் செலவை முடிவு செய்கின்றன. கழன்று வந்தால் ஒரு நாள் வேலை. என்ஜின் பிளாக்குக்குள் உடைந்து நின்றால் அந்த ஒரு துண்டுக்காக என்ஜினையே இறக்கி லேத் பட்டறைக்குக் கொண்டுபோக நேரிடும். மேற்கு வங்கத்தின் உத்தரப்பாராவில் ஹிந்துஸ்தான் மோட்டார்ஸ் தொழிற்சாலை 2014 மே மாதம் அம்பாசிடர் உற்பத்தியை நிறுத்திவிட்டது. ஆகவே பாழான பாகத்துக்குப் பதில் புதியது கேட்டுக் கம்பெனியிடம் போக முடியாது. கடைகளில் மிச்சமிருக்கும் பழைய இருப்பையும், வண்டி உடைக்கும் இடங்களையும்தான் தேட வேண்டும். இன்னொன்றும் உண்டு. 15 ஆண்டு கடந்த சொந்தக் காருக்கு 5 ஆண்டுக்கு ஒருமுறை ஆர்.சி. புதுப்பிக்க வேண்டும். பிரேக், விளக்கு, ஸ்டீயரிங் எல்லாம் சரியாக இருந்தால்தான் அது நடக்கும். அந்த வேலைகள் ஒவ்வொன்றும் ஏதோ ஒரு துருப்பிடித்த போல்ட்டில்தான் தொடங்குகின்றன.

கார் வைத்திருக்கும் குடும்பங்களுக்காகவும், பத்தாம் வகுப்பு முடித்து மெக்கானிக் தொழில் பழகும் நம் பிள்ளைகளுக்காகவும் இதை எழுதுகிறோம். பட்டறையில் பிள்ளைகள் முதலில் காயப்படுவது பெரும்பாலும் இந்த வேலையில்தான். ஸ்பேனர் வழுக்கிக் கைமுட்டி கிழிவது, சுத்தியல் அடியில் இரும்புச் சில் கண்ணில் தெறிப்பது, கேஸ் நெருப்பு பெட்ரோலைத் தொடுவது எல்லாமே அசையாத போல்ட்டோடு அவசரமாக மல்லுக்கட்டும்போது நடப்பவை.

ஏன் இறுகிக்கொள்கிறது?

இரும்பு துருவாகும்போது அதன் பருமன் இரண்டு மடங்குக்கும் மேல் பெருகும். நட்டின் மரைக்கும் போல்ட்டின் மரைக்கும் நடுவே இருப்பது தலைமுடி அளவு இடைவெளி. அங்கே ஈரம் புகுந்து துருவாக மாறினால் அந்தத் துருவுக்கு இருக்க இடமில்லை. ஆப்பு அடித்ததுபோல் இரண்டையும் நெருக்கிப் பிடித்துக்கொள்கிறது. கோட்டைப்பட்டினம், மீமிசல், ஜெகதாப்பட்டினம் பக்கம் கடற்காற்றில் நின்ற காருக்கும் நம் ஊர்ச் செம்மண் தரையில் நின்ற காருக்கும் இதில் நிறைய வித்தியாசம் உண்டு. உப்புக்காற்று துருவை விரைவுபடுத்தும். உள்ளூர்க் கார் என்றாலும், ஆட்டுக் கொட்டகையை ஒட்டி நிறுத்தியிருந்தால் தரையின் ஈரமும் ஆட்டு மூத்திரமும் அடித்தட்டைக் கடற்கரைக் காரின் நிலைக்குக் கொண்டுவந்துவிடும். வாங்கும்போதும் சரி, வேலைக்கு எடுக்கும்போதும் சரி, கார் எங்கே நின்றது என்று முதலில் கேட்பது நல்லது.

அலுமினியப் பாகத்துக்குள் இரும்பு ஸ்டட் இருக்கும் இடங்கள் வேறு வகை. இரு உலோகமும் ஈரத்தில் சேர்ந்து நின்றால் அலுமினியம் அரிக்கப்பட்டு வெள்ளைப் பொடியாகும். பழைய என்ஜினில் ரேடியேட்டர் குழாய் வந்து சேரும் தெர்மோஸ்டாட் மூடி இதற்குப் பெயர் போனது. நம் பக்கம் பலர் ரேடியேட்டருக்கு உப்பான போர்வெல் தண்ணீரையே ஊற்றிவந்தது இதை இன்னும் மோசமாக்கியிருக்கிறது. அந்த மூடியை நெம்பினால் உடையும். சுற்றிலும் மெல்லத் தட்டித் தட்டித்தான் எழுப்ப வேண்டும்.

துருவே இல்லாத போல்ட்டும் ஏன் அவ்வளவு பலம் கேட்கிறது என்பதையும் தெரிந்துகொள்ளலாம். ஒரு போல்ட்டை இறுக்க நாம் கொடுக்கும் பலத்தில் சுமார் பத்தில் ஒரு பங்குதான் இரு பாகங்களையும் சேர்த்துப் பிடிக்கப் பயன்படுகிறது. ஏறக்குறைய பாதி, தலைக்கு அடியில் நடக்கும் உராய்விலேயே போய்விடும். மீதி மரைகளின் உராய்வில் போகும். எண்ணெய் விடும்போது மரையை மட்டும் நினைத்து, தலைக்கும் வாஷருக்கும் நடுவே விட மறந்துவிடுகிறோம். பாதிப் பிடி அங்கேதான் இருக்கிறது.

எந்த அளவு ஸ்பேனர்?

தலை மழுங்கிய போல்ட்டுகளைப் பார்த்தால், துருவால் மழுங்கியவை குறைவு, பொருந்தாத ஸ்பேனரால் மழுங்கியவை அதிகம் என்பதுதான் எங்கள் கணிப்பு. அம்பாசிடரில் இந்தத் தொல்லைக்கு ஒரு வரலாறே இருக்கிறது.

அம்பாசிடர், பிரிட்டனின் மோரிஸ் ஆக்ஸ்ஃபோர்டு மூன்றாம் வரிசைக் காரின் இந்திய வடிவம். 1950களின் இறுதியில் இங்கே வந்தது. அதில் நெடுங்காலம் இருந்த 1489 சி.சி. என்ஜினும் பிரிட்டனின் பி.எம்.சி. கம்பெனி வடிவமைத்ததே. ஆகவே அதன் மரைகளும் நட்டுகளும் அங்குலக் கணக்கு. இரண்டாம் உலகப் போரில் அமெரிக்க போல்ட் பிரிட்டிஷ் நட்டில் ஏறாமல் பட்ட அவதிக்குப் பிறகு, அமெரிக்கா, பிரிட்டன், கனடா மூன்றும் 1948ல் ஒப்புக்கொண்ட பொது மரை இது. நம் நாடு 1956ல் சட்டம் போட்டு, சேரிலிருந்தும் கஜத்திலிருந்தும் கிலோவுக்கும் மீட்டருக்கும் மாறியது. அம்பாசிடர் மாறவில்லை. 1990களில் ஜப்பானின் இசுசு வடிவமைத்த 1800 சி.சி. பெட்ரோல் என்ஜின் வந்தபோதுதான் என்ஜினில் மில்லிமீட்டர் நுழைந்தது. அப்போதும் பழைய வடிவமைப்பிலேயே தொடர்ந்த அடிப்பாகங்களில் அங்குலம் நீடித்தது. ஒரே பெயர், ஒரே உருவம், உள்ளே இரண்டு அளவு முறை. சென்னையை அடுத்த வண்டலூரில் தயாரான ஸ்டாண்டர்டு ஹெரால்டும், பழைய மகிந்திரா ஜீப்பும் அங்குலம்தான். மும்பை குர்லாவில் தயாரான ஃபியட், பிறகு பிரீமியர் பத்மினி என்று பெயர் மாறியது, அது முழுக்க மில்லிமீட்டர். இத்தாலிக்காரர்கள் வடிவமைத்தது என்பதால்.

இன்றைய பட்டறைப் பிள்ளையின் கையில் இருப்பதோ 10-11, 12-13, 14-15 என்று மில்லிமீட்டர் ஸ்பேனர்கள். அம்பாசிடரில் அதிகம் வரும் 1/2 அங்குல நட்டு 12.7 மில்லிமீட்டர். அதில் 13 ஸ்பேனர் பொருந்தியதுபோல் ஏறும், 0.3 மில்லிமீட்டர் ஆட்டம் இருக்கும். துரு இல்லாத நட்டில் அது தெரியாது. இறுகிய நட்டில் ஆறு மூலைகளும் ஒரே இழுப்பில் உருண்டுவிடும். 7/16 அங்குலம் 11.1 மில்லிமீட்டர், அதில் 11 ஏறாது, 12 லொடலொடக்கும். 9/16 என்பது 14.3, அதில் 14 ஏறாது, 15 வழுக்கும். ஆனால் 5/8க்கு 16ம், 3/4க்கு 19ம் கிட்டத்தட்டச் சரியாகவே பொருந்தும். அங்கே மில்லிமீட்டர் ஸ்பேனர் வேலை செய்வதைப் பார்த்துத்தான் மற்ற இடங்களிலும் செய்யும் என்று நம்பிவிடுகிறார்கள். பழைய கார் வேலை எடுக்கும் பட்டறை 7/16, 1/2, 9/16 என்ற இந்த மூன்று அளவையாவது தனியாக வாங்கி வைக்க வேண்டும். ஒரு போல்ட் உடைந்து லேத்துக்குப் போகும் கூலியில் மூன்றையும் வாங்கிவிடலாம்.

ஸாக்கெட் வாங்கும்போது உள்ளே ஆறு முனை உள்ளதாகக் கேட்டு வாங்குங்கள். பன்னிரண்டு முனை ஸாக்கெட் குறுகிய இடத்தில் மாட்ட வசதி. ஆனால் அது நட்டின் மூலையைத்தான் பிடிக்கும். ஆறு முனை, நட்டின் பக்கத்தைத் தாங்கும். வாய் திறந்த ஸ்பேனர், இறுகிய போல்ட்டை முதல் அசைவு அசைக்க உதவாது. அசைந்தபின் சுற்றிக் கழற்றத்தான்.

இதில் இன்னொரு சிக்கல், முன்பு வேலை செய்தவர் விட்டுச்சென்றது. 5/16 அங்குல போல்ட்டின் தடிமன் 7.94 மில்லிமீட்டர். 8 எம்.எம். போல்ட்டோடு பக்கத்தில் வைத்தால் கண்ணுக்கு வித்தியாசமே தெரியாது. ஆனால் அங்குல நுண்மரையில் ஒரு மரையிலிருந்து அடுத்ததற்கு 1.06 மில்லிமீட்டர், சாதாரண 8 எம்.எம். போல்ட்டில் 1.25. பழைய போல்ட் தொலைந்த இடத்தில் யாரோ 8 எம்.எம். போல்ட்டை வைத்து, இரண்டு சுற்று கையால் போனபின் ஸ்பேனர் போட்டு வம்பாக ஏற்றியிருப்பார். அது துருவால் இறுகவில்லை, மரையைக் கடித்துக்கொண்டு நிற்கிறது. எவ்வளவு எண்ணெய் விட்டாலும் அப்படியேதான் இருக்கும். போல்ட் தலையின் மேல் 8.8 அல்லது 10.9 என்று எண் இருந்தால் அது மில்லிமீட்டர் போல்ட். அங்குல போல்ட் இருக்கவேண்டிய இடத்தில் அந்த எண்ணைக் கண்டால், கழற்றியபின் மரையைப் புதுப்பிக்க வேண்டியிருக்கும் என்பதை வேலை தொடங்கும் முன்பே கார்க்காரரிடம் சொல்லிவிடுவது நாணயம்.

எண்ணெயும் நேரமும்

முதலில் கம்பிப் பிரஷ்ஷால் வெளியே தெரியும் மரையையும் தலையைச் சுற்றியும் தேய்க்க வேண்டும். மண்ணும் பெயிண்டும் மூடியிருக்கும் இடத்தில் எண்ணெய் உள்ளே போகாது. பிறகு துருநீக்கி எண்ணெய் விட்டு, சுத்தியலால் தலையில் நேராகச் சில தட்டுகள். உடைக்க அல்ல, அதிரவைக்க. அந்த அதிர்வில் துருவில் நுண்ணிய வெடிப்புகள் விழும், எண்ணெய் அதில் ஊறும். காலையில் ஒருமுறை, மாலையில் ஒருமுறை, மறுநாள் இன்னொரு முறை. காரைக் கொண்டுவந்த அன்றே ஸ்பேனர் எடுக்காமல், கழற்றவேண்டிய எல்லா போல்ட்டுக்கும் எண்ணெய் மட்டும் விட்டு அனுப்பிவிட்டு, இரண்டு நாள் கழித்து வரச்சொல்லும் மெக்கானிக்கை வேலை தெரியாதவர் என்று நினைக்க வேண்டாம்.

எந்த எண்ணெய்? கடைகளில் கிடைக்கும் டபிள்யூடி-40 என்பது 1953ல் அமெரிக்காவின் சான் டியேகோ நகரில், உலோகத்திலிருந்து நீரை விலக்குவதற்காக உருவாக்கப்பட்டது. பெயரின் பொருளே, நீர் விலக்கி, நாற்பதாவது முயற்சி என்பதுதான். லேசான துருவுக்கு அது போதும். மிக இறுகியதற்கு ஊடுருவும் எண்ணெய் என்றே தனியாக விற்பதை வாங்கலாம். டீசலிலோ மண்ணெண்ணெயிலோ கொஞ்சம் என்ஜின் ஆயில் கலந்து ஊறவைப்பது நம் பட்டறைகளின் பழைய வழக்கம், நேரம் கொடுத்தால் அதுவும் பலன் தரும். ஆட்டோமேட்டிக் கியர் ஆயிலும் அசிட்டோனும் சமமாகக் கலப்பதைச் சிலர் பெரிதாகச் சொல்கிறார்கள். நன்றாக ஊடுருவும் என்பது உண்மை. ஆனால் அசிட்டோன் சட்டென்று தீப்பிடிக்கும், பெயிண்டைத் தின்னும். அதை விட்ட இடத்தில் அன்று நெருப்பே காட்டக்கூடாது. கோலா பானத்தை ஊற்றுவது பற்றியும் கேட்கிறார்கள். அதில் உள்ள பாஸ்பாரிக் அமிலம் துருவைக் கரைக்கும்தான், ஆனால் அளவு மிகக் குறைவு. குடித்துவிட்டுக் கடைக்குப் போய் எண்ணெய் வாங்கி வருவது மேல்.

கழற்றும்போது முதல் அசைவு எதிர்ப்பக்கம். அதாவது இறுக்கும் பக்கமாக மயிரிழை அளவு. துரு அங்கே விட்டுக்கொடுத்தால், பிறகு கழற்றும் பக்கம். கால் சுற்று கழன்றதும் மகிழ்ச்சியில் இழுத்துக்கொண்டே போகாதீர்கள். பாதி போல்ட்டுகள் உடைவது அப்போதுதான். கால் சுற்று வெளியே, அதில் பாதி உள்ளே, கொஞ்சம் எண்ணெய், மறுபடி கால் சுற்று. கிரீச்சென்ற சத்தம் வந்தால் நிறுத்தி எண்ணெய் விட வேண்டும். போல்ட் ரப்பர்போல் இழுபட்டுத் திரும்புவதாகக் கைக்குத் தெரிந்தால் அது கழலவில்லை, முறுக்கிக்கொண்டு உடையப்போகிறது. ஸ்பேனரில் நீளக் குழாய் மாட்டி இழுக்கும்போது இந்த உணர்வு கைக்கு வராது. தடித்த போல்ட்டுக்குக் குழாய் சரி. 5/16, 3/8 போன்ற சின்னதுகளுக்கு வேண்டவே வேண்டாம்.

எல்லாமே இடப்பக்கம் திருப்பினால் கழலும் என்றும் எண்ண வேண்டாம். சைக்கிளின் இடது பெடலை நினைத்துப் பாருங்கள், அது எதிர்மரை. கேஸ் வெல்டிங்கின் அசிட்டிலின் சிலிண்டர் இணைப்பும் அப்படியே. அசையவே அசையாத ஒன்றைக் கண்டால், இது எதிர்மரையோ என்று ஒரு நிமிடம் யோசிக்கலாம்.

காப்பாற்றவே தேவையில்லாத போல்ட்டுகளும் உண்டு. சைலன்சர் கிளாம்ப், பின் பட்டையைப் பிடிக்கும் யூ-போல்ட் ஆகியவை சுலபமாகப் புதிதாகக் கிடைப்பவை, எப்படியும் மாற்றவேண்டியவை. அவற்றோடு அரைநாள் போராடாமல் கட்டிங் மிஷினால் அறுத்துவிடலாம். யூ-போல்ட்டை அறுக்குமுன் கார் ஸ்டாண்டில் உட்கார்ந்திருக்க வேண்டும், ஆக்ஸிலுக்கு அடியில் தாங்கல் இருக்க வேண்டும். பொறுமையைப் பிளாக்கிலும் ஹெட்டிலும் இருக்கும் ஸ்டட்டுகளுக்குச் சேமித்து வைப்போம்.

சூடு காட்டுவது

எண்ணெய்க்கு அசையாதது பல நேரம் சூட்டுக்கு அசையும். சூடாக்க வேண்டியது நட்டை, போல்ட்டை அல்ல. நட்டு விரியும்போது பிடி தளரும். அலுமினியம், இரும்பைவிட ஏறக்குறைய இரண்டு மடங்கு விரியும் என்பதால் அலுமினியப் பாகத்துக்குள் இருக்கும் இரும்பு ஸ்டட்டுக்கு மிதமான சூடே போதும். வெந்நீர் ஊற்றியே சில இடங்களில் காரியம் முடிந்துவிடும். சூடான நட்டின் ஓரத்தில் சாதாரண மெழுகுவர்த்தியை வைத்தால் மெழுகு உருகி மரைக்குள் இழுபட்டுப் போகும். ஆறும்போது அதுவே எண்ணெயாக வேலை செய்யும். செலவில்லாத நல்ல வழி. இரும்பு நட்டு செக்கச் சிவக்கும் அளவுக்குக் காய்ச்சினால் நிச்சயம் கழலும். ஆனால் அந்த நட்டும் போல்ட்டும் வலு இழந்துவிடும், மறுபடி மாட்டக்கூடாது. ஸ்டீயரிங்கிலும் சக்கரத்திலும் இது உயிர் விஷயம்.

நெருப்பு எடுக்குமுன் பார்க்க வேண்டியவை பல. அம்பாசிடரின் பெட்ரோல் டாங்க் பின்னால் இருந்தாலும், அதிலிருந்து வரும் குழாய் அடித்தட்டு வழியாக என்ஜின் வரை ஓடுகிறது. பல ஆண்டு நின்ற காரில் அந்தக் குழாயும் ரப்பர் இணைப்பும் கசியக்கூடும். காலி டாங்க் பாதுகாப்பானது என்பது தவறு. அதில் நிற்கும் ஆவிதான் வெடிக்கும். பேட்டரி இணைப்பைக் கழற்றிவிட வேண்டும். பக்கத்தில் தண்ணீர் போதாது, மணல் வாளியும் தீயணைப்பானும் வேண்டும். பிரேக் கிளீனர் அடித்த இடம் முழுக்கக் காயாமல் நெருப்புக் காட்டக்கூடாது. சில வகைக் கிளீனர்களில் குளோரின் சேர்ந்த திரவம் உண்டு. அது சூட்டில் நச்சு வாயுவாக மாறும்.

பெற்றோர்கள் கவனிக்க இன்னொன்று. பழைய கார்களின் பிரேக் ஷூவிலும் கிளட்ச் தட்டிலும் மேனிபோல்ட் கேஸ்கட்டிலும் ஆஸ்பெஸ்டாஸ் சேர்ந்திருப்பது வழக்கம். பிரேக் டிரம்மைக் கழற்றியதும் காற்றுக் குழாயால் ஊதி, தூசி பறக்க நிற்கும் பிள்ளையை எந்தப் பட்டறையிலும் பார்க்கலாம். அந்தத் தூசி நுரையீரலில் தங்கினால் நோய் வெளிப்பட இருபது முப்பது ஆண்டுகூட ஆகும். ஊதாமல், ஈரத்துணியால் துடைத்து எடுக்கச் சொல்லுங்கள். சுத்தியலும் உளியும் எடுக்கும்போது கண்ணாடி போடவும் சொல்லுங்கள். ஜாக்கியை மட்டும் நம்பிக் காருக்கு அடியில் படுக்கவிடும் பட்டறையில் பிள்ளையைச் சேர்க்காதீர்கள்.

பிரேக்கில் இருக்கும் சின்னது

ஆர்.சி. வேலைக்குப் போகும் பழைய காரில் அதிகம் உடைவது பிரேக்கின் காற்று எடுக்கும் நிப்பிள். சுண்டுவிரல் அளவுகூட இல்லாதது, நடுவே துளை, அதனால் பலவீனம். மூடித்தொப்பி இல்லாமல் நின்ற காரில் அதன் துளையே துருவால் அடைத்திருக்கும். ஸ்பேனர் போடுமுன், அந்தத் துளைக்குள் இறுக்கமாகப் போகும் அளவில் ஒரு டிரில் பிட்டின் மொட்டை முனையைச் செருகிக்கொண்டால் நிப்பிள் நசுங்காமல் தாங்கும். பிறகு அதன் தலையில் லேசான தட்டுகள், ஆறு முனை ஸாக்கெட், மயிரிழை முன்னும் பின்னும். பிரேக் ஆயிலும் எரியக்கூடியதே. அதனால் இங்கே கேஸ் நெருப்பை எடுக்காமல் இருப்பது நல்லது.

பிரேக் குழாயின் நட்டில் வேறு சிக்கல். நட்டு கழலும்போது துருவேறிய குழாயும் சேர்ந்து முறுக்கிக்கொள்ளும். குழாயைக் கையால் பிடித்துப் பார்த்துக்கொண்டே திருப்ப வேண்டும். அதற்கென்றே, குழாய் நுழைய ஒரு வாய் வெட்டிய ரிங் ஸ்பேனர் விற்கிறது. முறுக்கிய குழாயை நேராக்கி மறுபடி மாட்டுவதை எந்தக் காரணத்துக்காகவும் ஒப்புக்கொள்ளாதீர்கள். குழாயை மாற்றிவிடுங்கள்.

கை எட்டாத இடங்கள்

பழைய என்ஜினில் இன்லெட் மேனிபோல்டும் எக்ஸாஸ்ட் மேனிபோல்டும் ஒரே பக்கம். நடுவில் உள்ள நட்டுகள் கார்புரேட்டருக்கு அடியில் கண்ணுக்குத் தெரியாமல் ஒளிந்திருக்கும். ஸ்டார்ட்டரின் மேல் போல்ட்டும், கியர்பாக்ஸை என்ஜினோடு சேர்க்கும் மேல்வரிசை போல்ட்டுகளும் இப்படித்தான். இங்கே முதல் உதவி கைப்பேசி. கேமராவை உள்ளே நீட்டிப் படம் எடுத்துப் பார்த்தால், எந்த நட்டு, எத்தனை மூலை மிச்சம் என்பது தெரியும். கியர்பாக்ஸ் மேல் போல்ட்டுக்கு, இரண்டு மூன்று நீட்டிக்கம்பியை ஒன்றோடொன்று மாட்டிக் காருக்கு அடியிலிருந்து பின்பக்கமாகக் கொண்டுவந்து, நுனியில் வளையும் இணைப்பு வைத்துத் திருப்பினால் மேலே கைவிட்டுத் தடவ வேண்டியதில்லை. வாய் திறந்த ஸ்பேனரின் தலை 15 டிகிரி சாய்த்து வார்க்கப்பட்டிருப்பதும் இதற்குத்தான். ஒரு முறை போட்டு, திருப்பி எடுத்துக் கவிழ்த்துப் போட்டால் குறுகிய இடத்திலும் வேலை நகரும்.

எதற்கும் எட்டாத நட்டு ஒன்றுக்காகப் பழைய ஸ்பேனரைக் காய்ச்சி வளைத்து, அதை ஆணியில் தனியாகத் தொங்கவிட்டிருக்கும் மூத்த மெக்கானிக்குகளைப் பார்த்திருக்கிறோம். அந்த வளைந்த ஸ்பேனர்களின் விலை அவர்களுக்குத்தான் தெரியும். ஆனால் இதைவிட எளிய ஒன்றைப் பலர் செய்வதில்லை. வழியில் இருக்கும் கார்புரேட்டரை இரண்டு நட்டு கழற்றி எடுத்துவிட்டால் மேனிபோல்ட் நட்டு கண்ணெதிரே நிற்கும். பத்து நிமிடம் மிச்சம் பிடிக்கப் போய் மூன்று மணி நேரம் போவது இங்கேதான். திரும்ப மாட்டும்போது போல்ட் ஸாக்கெட்டிலிருந்து விழாமலிருக்க உள்ளே கொஞ்சம் கிரீஸ் தடவலாம், அல்லது ஒரு துண்டுக் காகிதத்தை மடித்துச் செருகலாம்.

உடைந்தே விட்டால்

ஸ்டட் கொஞ்சம் வெளியே நீட்டிக்கொண்டிருந்தால், இரண்டு நட்டை ஒன்றன்மேல் ஒன்றாக இறுக்கிப் பூட்டி, கீழ் நட்டில் ஸ்பேனர் போட்டுத் திருப்பலாம். மட்டமாக உடைந்திருந்தால் அதன்மேல் ஒரு நட்டை வைத்து, நட்டின் உள்துளை வழியாக வெல்டிங் வைத்து இணைப்பது நல்ல வழி. பிடி கிடைப்பதைவிட, வெல்டிங்கின் சூடு துருவைத் தளர்த்துவதுதான் இங்கே வேலையை முடிக்கிறது. சிவப்பு மறைந்தபின் ஸ்பேனர் போட வேண்டும். முதல் தடவை நட்டு பிய்த்துக்கொண்டு வந்தால் இன்னொன்று வைக்கலாம். மூன்றாவதில் வருவதும் உண்டு.

ஈஸி-அவுட் என்ற எதிர்மரைக் கருவியை எங்கள் கடைசி விருப்பமாக வைத்திருக்கிறோம். துளை போட்டு அதைச் செருகித் திருப்புவது கேட்க எளிது. ஆனால் அந்தக் கருவி மிகக் கடினமான எஃகு. அது உள்ளே உடைந்தால் சாதாரண டிரில் அதைத் துளைக்காது. பிறகு செலவு பல மடங்கு. அதற்குப் பதில் நடுவில் சரியாகக் குறி அடித்து, சின்ன பிட்டிலிருந்து படிப்படியாகப் பெரிதாக்கி, மிஞ்சிய மெல்லிய சுருளை எடுத்துவிட்டு டேப்பால் மரை திருத்துவது நிதானமான வழி. 3/8 அங்குல நுண்மரைக்கு 8.5 மில்லிமீட்டர் பிட்டுக்கு மேல் போகக்கூடாது. மரை போயே போனால், உள்ளே கம்பிச்சுருள் மரை வைத்துப் பழைய அளவையே திரும்பப் பெறலாம். புதுக்கோட்டையிலோ திருச்சியிலோ நல்ல லேத் பட்டறையில் இதைச் செய்வார்கள். துளையைப் பெரிதாக்கி 10 எம்.எம். போல்ட் போடுவது மலிவு. அப்படிச் செய்தால் கார்க்காரருக்குத் தெரிந்தே செய்ய வேண்டும்.

மாட்டும்போது மரையைப் பிரஷ் போட்டுத் துடைத்து, காப்பர் கிரீஸ் மெல்லிசாகத் தடவுங்கள். சைலன்சர் மேனிபோல்ட் ஸ்டட்டுகளுக்கு இரும்பு நட்டுக்குப் பதில் பித்தளை நட்டு போட்டால் அடுத்த முறை கையாலேயே வரும். சக்கர நட்டின் சரிவில் மட்டும் கிரீஸ் வேண்டாம். கழற்றிய போல்ட்டுகளைப் பழைய பால்பவுடர் டின்களில் இடம் வாரியாகப் பிரித்து, எந்த இடத்து போல்ட், என்ன அளவு என்று மேலே எழுதி வையுங்கள். எந்தத் துளையாவது அங்குலத்திலிருந்து மில்லிமீட்டருக்கு மாறியிருந்தால், பானட்டின் உள்பக்கத்தில் பெயிண்ட்டால் அந்த இடத்தையும் புதிய அளவையும் குறித்துவிடுங்கள். பத்து ஆண்டு கழித்து அந்தக் காரைத் திறக்கப்போகும் பிள்ளை முதலில் பார்ப்பது அங்கேதான்.